செயலாளர் ஆண்டறிக்கை: பீலி, சருகு, ஓதம்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் குடியிருப்போர் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான செய்திகளை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. இரண்டு மாதம் மட்டும் போதிய ஆள் சேராததால் கூட்டம் நடக்கவில்லை. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். தெருவிளக்கு மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை; நினைவூட்டல் அனுப்பியிருக்கிறோம். பூங்கா வேலி சரிசெய்யப்பட்டது. மற்றபடி இந்த ஆண்டு சங்கம் முன்னின்று செய்த பெரிய வேலை கூரைப் பீலி சுத்தம் ஒன்றுதான். அதில் ஒரு பெரிய தவறும் நடந்தது. அந்தத் தவறான யோசனையைச் சொன்னவன் நான் என்பதால், மீதி அறிக்கை முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கூரையின் ஓரத்தில் மழைத்தண்ணீரை வாங்கி, குழாய்க்குக் கொண்டுபோய் விடும் அந்த நீளத் தொட்டியைச் சிலர் பீலி என்கிறோம், சிலர் தகரக் கால்வாய் என்கிறோம், சிலர் கட்டர் என்கிறோம். கூட்டத்தில் இதற்கே கால் மணி நேரம் போனது. அறிக்கையில் பீலி என்றே எழுதுகிறேன்; அதிலிருந்து கீழே இறங்குவதை இறக்குகுழாய் என்று வைத்துக்கொள்வோம்.

நடுவரிசையில் ஒரு வீட்டின் மாடி அறையில், சுவரும் கூரையும் சேரும் இடத்தில் பழுப்பு நிறக் கறை இறங்கிக்கொண்டே இருந்தது. ஓடு உடைந்திருக்கும் என்று இரண்டு முறை ஓடு மாற்றினார்கள். கறை நிற்கவில்லை. கடைசியில் நம் மூத்த உறுப்பினர் ஒருவர் கொட்டும் மழையில் குடையோடு போய் நின்று அண்ணாந்து பார்த்தார். பத்து நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. கூரையில் ஒரு குறையும் இல்லை. பீலி நிறையச் சருகு. தண்ணீர் போக வழியில்லாமல் ஏறி, பீலிக்கும் கூரையோரப் பலகைக்கும் நடுவே பின்பக்கமாக வழிந்து, சுவருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பீலியின் முன்விளிம்பு பின்விளிம்பைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் நிரம்பினாலும் தண்ணீர் வெளியே விழும். அந்த வீட்டில் பிடிகள் வளைந்து அது தலைகீழாகியிருந்தது. கூரையோரப் பலகையை விரலால் அழுத்தினால் விரல் உள்ளே போனது. உளுத்துப்போயிருந்தது.

இதை அடுத்த கூட்டத்தில் சொன்னதும், "எங்கள் வீட்டிலும் அந்தக் கறை இருக்கிறதே" என்று வரிசையாகக் கை உயர்ந்தது. அப்படித்தான் எல்லா வீட்டுப் பீலியையும் சேர்ந்து சுத்தம் செய்வது என்று தீர்மானமானது.

கொஞ்சம் சருகுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்டவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 100 சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 2,500 லிட்டர். இவ்வளவும் இரண்டு இறக்குகுழாய் வழியாக இறங்க வேண்டும். ஒன்று அடைத்துக்கொண்டால் மொத்தமும் மற்றதன் தலையில். எடையையும் பாருங்கள். 10 செ.மீ. அகலம், 7.5 செ.மீ. ஆழம் உள்ள பீலி 10 மீட்டர் நீளத்துக்கு நிரம்பி நின்றால் 75 லிட்டர், அதாவது 75 கிலோ. ஒரு ஆள் பீலியில் படுத்திருப்பது போல. பிடிகள் ஏன் வளைகின்றன என்று அப்புறம் யாரும் கேட்கவில்லை.

சரி, இப்போது தவறுக்கு வருகிறேன்.

மழைக்காலம் தொடங்க மூன்று வாரம் இருக்கும்போது முதல் சுத்தத்தை வைத்தோம். இளைஞர்கள் எட்டுப் பேர் வந்தார்கள். மேலே ஏறிப் பெரிய சருகுக் கட்டிகளைக் கையால் அள்ளிப்போட்டார்கள். அடியில் கறுப்பாகச் சேறு போலப் படிந்திருந்ததை அள்ளச் சிரமமாக இருந்தது. "அதை ஏன் அள்ளுகிறீர்கள் தம்பி, ஹோஸ் பைப்பைப் போட்டு வேகமாக அடித்துத் தள்ளிவிடுங்கள்" என்று கீழே நின்றுகொண்டு நான்தான் சொன்னேன். தள்ளினார்கள். பீலி கண்ணாடி போல ஆனது. படம் எடுத்துக்கொண்டோம். எல்லோருக்கும் சந்தோஷம்.

முதல் கனமழையில் நான்கு வீடுகளில் தண்ணீர் வெளியே வந்தது. பீலியில் இல்லை, இறக்குகுழாயின் நடுவில். நாம் தள்ளிய சேறும் சருகும் எங்கேயும் போகவில்லை. குழாயின் அடியில் இருக்கும் எல்போ வளைவில் போய் அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. இறக்குகுழாயில் மேல்துண்டு கீழ்த்துண்டின் வாய்க்குள் இறங்கியிருக்கும். தண்ணீர் ஓடும்வரை அந்த இணைப்பு கசியாது. தேங்கி ஏறினால் அந்த இணைப்பு வழியாகவே பிதுங்கும். குழாயோ சுவரை ஒட்டி இருக்கிறது. ஆக, பீலி அழுக்காக இருந்தபோது சுவரின் தலையில் இருந்த ஓதத்தை, சுத்தம் செய்து சுவரின் இடுப்புக்கு இறக்கிவிட்டோம். அந்த நான்கு வீட்டாரிடமும் நேரில் போய் வருத்தம் தெரிவித்தேன். ஒரு வீட்டு அம்மா, "ஒன்றும் செய்யாமலே இருந்திருக்கலாம்" என்றார். மறுக்க முடியவில்லை.

இரண்டாவது சுத்தத்தைத் தலைகீழாகச் செய்தோம். தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் எதுவோ அங்கிருந்து தொடங்கினோம். முதலில் வெளியேற்ற வாய், பிறகு அடிவளைவு, பிறகு குழாய், கடைசியில்தான் பீலி. வளைவைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் மேலே யாரும் ஏறக்கூடாது என்று வைத்துக்கொண்டோம். பீலியில் வேலை தொடங்கும்முன் குழாயின் வாயில் ஒரு துணிப்பந்தை அடைத்துவிட்டார்கள், ஒரு துளி சேறும் உள்ளே இறங்காதபடி. சேற்றை முழுக்கக் கரண்டியால் வழித்து வாளியில் போட்டுக் கயிற்றில் இறக்கினார்கள். பந்தை எடுத்தபின் தண்ணீர் விட்டது அழுக்கைத் தள்ள அல்ல, ஓட்டத்தைப் பார்க்க. பந்தை எடுக்க மறந்த வீடு ஒன்று உண்டு. நல்லவேளையாக அன்றைக்கே ஞாபகம் வந்தது. இப்போது ஒவ்வொரு பந்திலும் நீளமான சிவப்பு நாடா தொங்குகிறது.

அந்தத் தண்ணீர்ச் சோதனையில்தான் இன்னொன்றும் பிடிபட்டது. மூன்று வீட்டுப் பீலியில் அழுக்கே இல்லை, ஆனாலும் தண்ணீர் நடுவில் குளமாக நின்றது. வாட்டம் போய்விட்டிருந்தது. குழாயை நோக்கி 10 மீட்டருக்கு 2 செ.மீ. அளவு சரிவு இருந்தாலே போதும். கண்ணுக்குத் தெரியாது, ரசமட்டம் வைத்தால்தான் தெரியும். இப்படித் தேங்குகிற தண்ணீரில் கொசு முட்டையிட்டு வளர்ந்து பறந்துபோக வெப்பமான நாட்களில் ஏழிலிருந்து பத்து நாள் போதும். நாம் பூந்தொட்டித் தட்டையும் பழைய டயரையும் கவிழ்த்துவைத்துவிட்டு, தலைக்கு மேலே இருப்பதை மறந்துவிடுகிறோம். மூன்று வீட்டிலும் பிடிகளை உயர்த்திக் கட்டியாகிவிட்டது.

குழாய் எங்கே முடிகிறது என்பதையும் பார்த்தோம். சில வீடுகளில் அது நேராகச் சுவரின் காலடியில்தான் கொட்டியது. இவ்வளவு பாடுபட்டுக் கூரையிலிருந்து இறக்கிய தண்ணீரை அஸ்திவாரத்துக்கே ஊட்டுவது! ஒன்றரை, இரண்டு மீட்டராவது தள்ளி விடும்படி குழாயை நீட்டச் சொல்லியிருக்கிறோம். இரண்டு வீடுகளில் இன்னும் செய்யவில்லை. பெயர் சொல்லவில்லை, அவர்களுக்கே தெரியும்.

ஏணி பற்றி. யாருக்கும் அடிபடவில்லை என்பதை நிம்மதியோடு பதிவு செய்கிறேன். ஆனால் முதல் சுத்தத்தில் ஒருவர் ஏணியைப் பீலியின் மேலேயே சாய்த்து ஏறினார். பீலி நசுங்கியது, ஏணி வழுக்கியது, கீழே பிடித்துக்கொண்டிருந்தவரால் தப்பித்தார். இப்போதைய விதி இது: ஏணி சுவரில் சாய வேண்டும், பீலியில் அல்ல. நான்கு அடி உயரத்துக்கு ஒரு அடி வீதம் ஏணியின் கால் சுவரிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். கை எட்டாத இடத்துக்கு எட்டி வளையாமல், இறங்கி ஏணியை நகர்த்தி வைக்க வேண்டும். மின்கம்பி போகும் பக்கத்தில் அலுமினிய ஏணி கூடவே கூடாது. தனியாக யாரும் ஏறக்கூடாது. காய்ந்த பறவை எச்சத்தை வறட்டு வறட்டென்று சுரண்டாமல், நனைத்துவிட்டு முகக்கவசத்தோடு எடுக்க வேண்டும். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. அறுபதைத் தாண்டியவர்கள் கீழே நின்று வாளி வாங்கினால் போதும் என்ற தீர்மானத்தை என் எதிர்ப்பையும் மீறிச் செயற்குழு நிறைவேற்றியது.

வலை போடுவது பற்றி மூன்று கூட்டம் வாக்குவாதம் நடந்தது. பீலியின் மேல் வலை போட்டுவிட்டால் ஏற வேண்டிய வேலையே இல்லை என்றார்கள் சிலர். வலை போட்டிருக்கும் ஒரு வீட்டில் போய்ப் பார்த்தோம். பெரிய இலைகள் உள்ளே போகவில்லை, உண்மைதான். அவை வலையின் மேலேயே படிந்து, நனைந்து, பாய் விரித்தது போலாகி, மழை அதன் மேல் ஓடி வெளியே விழுந்துகொண்டிருந்தது. பொடியும் பூந்தூளும் கண்ணிகளுக்குள் புகுந்து அடியில் வழக்கம்போலச் சேறு. என் கருத்து: வலை சுத்தம் செய்யும் இடைவெளியைக் கூட்டும், சுத்தத்தையே இல்லாமல் ஆக்காது. அதோடு, உள்ளே பார்க்க முடியாமல் போகிறது. மரம் கவிந்திருக்கும் வீடுகளில் கூரைமேல் வரும் கிளையை வெட்டுவது அதைவிடப் பயன் தரும். தீர்மானம் எதுவும் போடவில்லை, அவரவர் விருப்பம்.

சுவர் நனைந்த வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். அவசரப்பட்டுப் பெயிண்ட் அடிக்காதீர்கள். நன்றாக நனைந்த செங்கல் சுவர் ஒவ்வொரு 25 மில்லிமீட்டர் கனத்துக்கும் ஏறக்குறைய ஒரு மாதம் எடுத்துத்தான் காயும் என்பது கட்டட வேலையில் வழங்கும் தோராயக் கணக்கு. 225 மில்லிமீட்டர் சுவர் என்றால் ஒன்பது மாதம். விருந்தாளி வருகிறார்கள் என்று இரண்டாவது மாதமே அடித்த வீட்டில் பெயிண்ட் கொப்பளம் கொப்பளமாகக் கிளம்பி, அதற்குள் உப்புப் பூத்துக் கொட்டுகிறது. அந்த வீடு என்னுடையது.

வரும் ஆண்டுக்குச் செயற்குழுவின் முன்மொழிவு: இலையுதிர்வு முடிந்ததும் ஒரு முறை, மழைக்காலத்துக்கு முன் ஒரு முறை, ஆக இரண்டு சுத்தம். இடையில் ஒவ்வொரு பலத்த மழையிலும் அவரவர் வீட்டைச் சுற்றிக் குடையோடு ஐந்து நிமிட நடை. பீலிக்கு நேர் கீழே மண்ணில் வரிசையாகக் குழி விழுந்திருந்தால், குழாய் இணைப்பில் ஈரக்கோடு தெரிந்தால், சங்கத்தில் சொல்லுங்கள். எடுத்த சேறு நல்ல உரம். பூங்காவில் குவித்திருக்கிறோம், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

உழைத்த எட்டு இளைஞர்களுக்கும், மழையில் நின்று அண்ணாந்து பார்த்த பெரியவருக்கும் சங்கத்தின் நன்றி. கடைசியாக ஒன்று. சங்கத்தின் நீள ஏணி இரவல் போனது, பதிவேட்டில் பெயர் இல்லை. யார் வீட்டில் இருக்கிறதோ அவர்கள் கூட்டம் முடிந்ததும் கொண்டுவந்து வைத்துவிட்டால், வரும் ஞாயிறே இலைச் சுத்தத்தைத் தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
செயலாளர்