தகவல் சொன்ன வனக் கார்டைத் தனியாக விடாதீர்கள்

சேலம் மாவட்டத்தில் காட்டுக்கும் காவலுக்கும் பொறுப்பில் இருக்கும் உயர் அலுவலர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் சேர்வராயன் மலையில் வனக்காப்பாளராக, அதாவது கார்டாகச் சேர்ந்து வனவராக ஓய்வு பெற்றவன். எந்தச் சரகம், எந்த பீட் (ஒரு கார்டு ரோந்து பார்க்கிற காட்டுப்பகுதி) என்று இதில் எழுதப்போவதில்லை. அங்கே இன்றைக்கும் பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள். என் பெயரை விட்டதும் அதற்காகத்தான்.

போன மாதம் ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு எனக்குப் போன் வந்தது. பேசியது இளம் கார்டு ஒருவன். மலைக்கு மாற்றலாகி வந்த புதிதில் நான் கூட்டிக்கொண்டு நடந்து, காட்டுமாட்டுத் தடம் எது, மனிதத் தடம் எது என்று காட்டிக் கொடுத்த பையன். "தூங்கிட்டீங்களா அண்ணா?" என்று கேட்டான். அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு சொன்னான்: "டீக்கடையில ஒருத்தன் பக்கத்துல வந்து உக்காந்தான். நீங்கதான அந்தச் செடியைப் பாத்ததுன்னு சிரிச்சுக்கிட்டே கேக்கறான்."

காட்டுக்குள் யாரோ வைத்திருந்த அந்தக் கஞ்சாச் செடிகளை அவன் பார்த்தபோது முதலில் என்னைத்தான் கேட்டான், சொல்லலாமா வேண்டாமா என்று. சொல் என்றேன். எழுதிக் கொடுத்தான். இப்போது செடிகளைப் பிடுங்கி எரித்தும் ஆகிவிட்டது. அதுவரை பொறுத்திருந்துதான் இந்த மடலை எழுதுகிறேன். சொல் என்று சொன்னவன் நான் என்பதால், அந்தப் பையன் விழித்திருக்கும் ராத்திரிகளில் எனக்கும் பங்கு இருக்கிறது.

அவன் குரலைக் கேட்டதும் எனக்கு என் பழைய மார்கழி ஒன்று ஞாபகம் வந்தது.

கார்த்திகை மழை விட்டு ஓடைகள் மெலிய ஆரம்பித்திருந்த நேரம். நானும் வாட்சரும் பீட் நடந்துகொண்டிருந்தோம். வாட்சர் எங்கள் மலையின் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவர் (கேரளத்து மலையாளி இல்லை), என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரைக் கவுண்டரே என்பேன். பணியில் நான் மேலே இருந்தாலும் அவர் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். எனக்குக் காடு சொல்லிக் கொடுத்தவர் அவர். ஓர் ஓடையில் கறுப்புக் குழாய் ஒன்று கல்லுக்கு அடியில் செருகியிருந்தது. மேலே இலைச்சருகு போட்டு மூடியிருந்தார்கள். அவர் குனிந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, "தம்பி, தண்ணி போயிக்கிட்டு இருக்குது. கீழ வெள்ளாமையே இல்லையே" என்றார்.

குழாயைப் பிடித்துக்கொண்டே உண்ணிப்புதருக்குள் முக்கால் மணி நேரம் போனோம். ஒரு சரிவில் மரத்தை வெட்டாமல் கிளையை மட்டும் கழித்து வெளிச்சம் விட்டிருந்தார்கள். துவரைச் செடி வரிசையாக நின்றது. துவரைக்கு நடுவில் ஆள் உயரத்துக்கு வேறு செடி. கிட்டப் போவதற்கு முன்பே வாசம் வந்துவிட்டது.

சாராய ஊறல் போடுகிறவர்களைக் கண்டுபிடிப்பது இதைவிடச் சுலபம். கல்யாணமும் திருவிழாவும் இல்லாத மாதத்தில் வெல்ல மூட்டை மேலே ஏறும். ஓடைப்பக்கம் புளித்த வாசம் அடிக்கும். லாரி டியூப் ஒன்று எங்காவது கிடக்கும். கஞ்சா அப்படி இல்லை. ஆடியில் விதைத்துவிட்டுப் போனால் தை வரைக்கும் அந்தப் பக்கம் பெரிதாக ஆள் நடமாட்டமே இருக்காது. அறுக்கிற காலமும் காப்பிப் பழம் பறிக்கிற காலமும் ஒன்றாக வரும். எஸ்டேட் பாதையெல்லாம் சாக்கும் ஆளுமாகப் போகும்போது எந்தச் சாக்கில் என்ன இருக்கிறது என்று யார் பார்ப்பது?

நான் அன்றே எழுதிக் கொடுக்கவில்லை. செடியைப் பிடுங்கினால் அத்தோடு கதை முடிந்துவிடும், வைத்தவன் தப்பித்துவிடுவான் என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லாமல் மூன்று வாரம் அந்தச் சரிவைக் கவனித்தேன். அது தவறா சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. கீழே சமவெளியிலிருந்து ஒரு ஆள் வந்து போனான். விதை அவன் கொடுத்தது. குழாய் அவன் வாங்கியது. மழைக்கு முன்பே மலையில் நாலைந்து வீட்டுக்கு முன்பணம் கொடுத்திருந்தான். தண்ணி கட்டியதும் அறுத்ததும் மலைப் பையன்கள். அதில் ஒருவனைத் தூரத்திலிருந்தே நடையை வைத்துக் கண்டுபிடித்தேன். கவுண்டரின் மகன்.

முன்பணம் எவ்வளவு வாங்கியிருந்தான் தெரியுமா? ஐயாயிரம் ரூபாய். கவுண்டருக்கு அப்போது நான்கு மாதமாகத் தினக்கூலி வரவில்லை. வீட்டில் அம்மாவுக்கு வைத்தியம். காட்டைக் காக்கிற அப்பாவுக்குக் கூலி நின்றுபோன இடத்தில்தான் அந்த ஆள் பணத்தோடு நுழைந்திருக்கிறான். இதை நான் யாருக்காகவும் குறைத்துச் சொல்ல முடியாது.

மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம் எழுதிக் கொடுத்தேன். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 47-ஆம் பிரிவு உங்களுக்குத் தெரியும். கஞ்சா பயிரிட்டிருப்பது தெரிய வந்தால் எந்த அரசு ஊழியரும் உடனே தகவல் சொல்ல வேண்டும், சொல்லாமல் விட்டால் தண்டனை. சரி, அது நியாயம்தான். என் கடமையை மூன்று வாரம் தாமதமாகச் செய்தேன் என்ற குற்றம் என்மேல் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சொன்ன பிறகு என்ன நடந்தது?

என் அறிக்கை இரண்டு மேசைகளைத் தாண்டியது. மூன்றாம் நாள் அந்தச் சமவெளி ஆளுக்கு என் பெயர் மட்டுமில்லை, நான் எந்தத் தேதி போட்டு எழுதினேன் என்பதுகூடத் தெரிந்திருந்தது. எந்த மேசையிலிருந்து போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தேடிப் பார்க்கவும் எனக்கு அதிகாரம் இல்லை.

செடிகளை அழித்தார்கள். ஒரு சாக்கோடு இறங்கி வந்த கவுண்டர் மகனைப் பிடித்தார்கள். விதை கொடுத்தவன் அன்றைக்கே ஊரில் இல்லை. சட்டத்தில் கஞ்சா என்றால் பூவும் காயுமான நுனிப்பகுதி. சாக்கில் இருந்ததோ வெட்டிய பச்சைச் செடி, தண்டோடு. அதை அப்படியே தூக்கி எடை போட்டார்கள். 22 கிலோ. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. குறைந்தது 10 ஆண்டு சிறை, ஒரு லட்சம் அபராதம், ஜாமீனும் லேசில் கிடைக்காது. பையன் 14 மாதம் உள்ளே இருந்தான்.

மகனைப் பிடித்த அடுத்த நாள் கவுண்டர் வேலைக்கு வந்தார். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. "சார், இன்னைக்கு எந்தப் பக்கம் போகணும்?" என்றார். தம்பி போய் சார் வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஆறு வருடம் ஒன்றாக நடந்தோம். ஒருநாளும் அவர் வாயில் தம்பி திரும்ப வரவில்லை.

வெளியிலிருந்து வந்த மிரட்டலை நான் தாங்கிக்கொண்டேன். வண்டி டயரைக் கிழித்தார்கள். தெரியாத ஆள் ஒருவன் பஸ் ஸ்டாண்டில் நின்று என் மகள் படிக்கிற பள்ளிப் பெயரைச் சொல்லி, "நல்லாப் படிக்குதாமே பாப்பா" என்றான். இதெல்லாம் வரும் என்று தெரியும். தாங்க முடியாதது வேறு. நான் செய்தது நல்லதா கெட்டதா என்று என்னிடம் சொல்ல ஒருவர்கூட இல்லை. வழக்கு என்ன ஆயிற்று, அந்த ஆளைத் தேடுகிறார்களா, ஒன்றும் எனக்கு வராது. கேட்டால், "உன் வேலை முடிஞ்சுதே, அப்புறம் என்ன?" இரண்டு வருடம் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். குடிக்க ஆரம்பித்தேன். சாராய ஊறலைக் கொட்டிக் கவிழ்த்த கை அது. என் மனைவி கொடிமரம் மாதிரி நின்றதால் மீண்டேன், வேறு யாராலும் இல்லை.

இதையெல்லாம் என் ஒருவனுடைய துக்கமாகப் பார்க்காதீர்கள். எங்கள் தலைமுறைக்கு மேட்டூருக்கு அப்பால் நடந்த பாலாறு கண்ணிவெடி மறக்காது. 1993 ஏப்ரல் 9. அன்று வீரப்பன் வைத்த வெடியில் இறந்த 22 பேரில் போலீஸ்காரர்கள் சிலர்தான். பெரும்பாலோர் தகவல் சொல்லி வழி காட்டப் போனவர்களும் வனக் காவலர்களும். காட்டில் வழி தெரிந்தவன்தான் முன்னால் போவான், முதலில் அடிபடுவதும் அவன்தான். ஒவ்வொரு செப்டம்பர் 11-ம் வனத் தியாகிகள் நாள் அனுசரிக்கிறோம். இரண்டு நிமிடம் தலை குனிந்து நிற்கிறோம். நானும் நின்றிருக்கிறேன். அந்த வரிசையில் உயிரோடு நின்றுகொண்டு உள்ளே நொறுங்கிப்போன கார்டுகளை நான் பார்த்திருக்கிறேன்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பலரைச் சேலம் அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். அடுத்த நாட்களில் எங்கள் மலைக்குக் கிழக்கே கல்வராயன் மலையெங்கும் தேடுதல், ஊறல் அழிப்பு. அது வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஆட்களைக் கொன்றது மெத்தனால். அது எந்த ஓடையிலும் ஊறுவதில்லை, ஆலையிலிருந்து லாரி ஏறி வருவது. கஞ்சாவும் இன்றைக்குப் பெருமளவு ஆந்திர ஒடிசா எல்லையிலிருந்து வருகிறது. சேலம் சந்திப்பில் நிற்கிற ரயில்களில் ஆள் இல்லாத பைகள் பிடிபடுவது எத்தனை தடவை செய்தியில் வந்துவிட்டது! பணமும் விதையும் பொட்டலமும் கீழேயிருந்து மேலே ஏறுகின்றன. கைது மட்டும் மேலேயிருந்து கீழே இறங்குகிறது. மலைப் பையனைப் பிடித்ததும் கோப்பை மூடிவிடாதீர்கள், ஐயா. அவனுக்கு முன்பணம் கொடுத்தவனின் போன் எண் அந்தப் பையனிடம்தான் இருக்கும்.

நான் கேட்பதில் பெரும்பாலானவற்றுக்குப் புதுச் சட்டம் வேண்டாம். கார்டு எழுதிக் கொடுக்கும் தகவல் உறையில் போகட்டும், ஒரே ஒரு அலுவலர் கைக்கு. அவர் பெயர் கார்டுக்குத் தெரிந்திருக்கட்டும். பத்திரிகைக்குக் கொடுக்கும் குறிப்பில், "ரோந்து சென்ற வனக்காப்பாளர் பார்த்து" என்று எழுதாதீர்கள். ஒரு பீட்டுக்கு ஒரு கார்டுதான் இருக்கிறான், பெயர் போட வேண்டிய அவசியமே இல்லை, யார் என்று மலைக்கே தெரிந்துவிடும். அதே போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 68-ஆம் பிரிவு, குற்றம் பற்றிய தகவல் எங்கிருந்து கிடைத்தது என்று சொல்லும்படி அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது. நீதிமன்றமே கேட்டு வாங்க முடியாத பெயர் டீக்கடைக்கு எப்படி வருகிறது?

தகவல் கொடுத்தவனைக் குறைந்தது அந்த அறுவடைக் காலம் முடியும்வரை தனியாக பீட்டுக்கு அனுப்பாதீர்கள். அதற்காக உடனே மாற்றல் போட்டும் விடாதீர்கள். மாற்றல் வந்தால் தண்டனை என்றுதான் ஊரும் அவனும் நினைப்பார்கள். வாட்சர்களுக்குக் கூலி மாதாமாதம் போய்ச் சேரட்டும்.

அப்புறம், மனசு. 14416 என்று ஒரு மனநல உதவி எண் இருக்கிறது, நல்ல ஏற்பாடு. ஆனால் எங்கள் சரிவுகளில் பாதிக்கு மேல் டவர் கிடைக்காது. கிடைத்தாலும், மூன்று வாரம் ஒளிந்து பார்த்ததையும் அதில் கூட நடந்தவரின் மகனைக் கண்டதையும் ஒரு கார்டு எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வான்? இந்த வேலையைத் தெரிந்த ஒருவர் அவனோடு உட்கார்ந்து பேச வேண்டும். மாதம் ஒருமுறை போதும். கூடவே வழக்கு எங்கே நிற்கிறது என்று நாலு வரி சொன்னால் போதும். என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் சேலத்திலேயே பலர் இருக்கிறோம். கூப்பிட்டால் வருவோம், காசு வேண்டாம்.

கவுண்டரின் மகன் இப்போது சேலத்தில் ஒரு கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறான். வழக்கு கடைசியில் நிற்கவில்லை. தைப்பொங்கலுக்கு முன்னால் கவுண்டர் அவனிடம் ஒரு கிலோ காப்பிக்கொட்டை கொடுத்தனுப்பினார். "சாருக்கு அப்பா குடுக்கச் சொன்னாரு" என்று வாசலிலேயே நின்றான். உள்ளே வா என்று மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் வந்தான்.

அந்த இளம் கார்டு நேற்றும் பேசினான். அவனுடைய வாட்சருக்கு இரண்டு நாள் காய்ச்சலாம். நாளைக் காலை பீட்டுக்கு அவன் மட்டும் போகிறான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வனவர் ஒருவர்,
சேலம்.