சின்னஞ்சிறு மனம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது தேவலை. நீ பேசி மூன்று வாரம் ஆகிறது. வேலை அதிகமாக இருக்கும் என்கிறாள் அம்மா. நானும் அப்படியே நினைத்துக்கொள்கிறேன். தம்பி ஏதோ சொன்னான். அதைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை.

நேற்று ஆங்கில அகராதியைப் புரட்டும்போது ஒரு சொல்லைத் தாண்டிப் போக முடியவில்லை. பியூஸிலானிமஸ். 'கோழைத்தனமான' என்று ஒரே வார்த்தையில் பொருள் போட்டிருக்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் லத்தீனில் 'புசில்லுஸ்' என்பது சின்னஞ்சிறு, 'அனிமுஸ்' என்பது மனம். பயந்த சுபாவத்தைக் குறிக்கும் டிமிட் என்ற சொல்லுக்கு வேர், பயப்படுதல். கூச்சத்தைக் குறிக்கும் ஷை என்பதை மிரளும் குதிரைக்கும் சொல்வார்கள். இந்தச் சொல்லிலோ பயமே இல்லை, அளவுதான் இருக்கிறது.

இதே கருத்துக்குக் கிரேக்கத்திலும் சொல் உண்டு. அரிஸ்டாட்டில் காட்டும் சிறுமனத்தான் சண்டையைக் கண்டு ஓடுகிறவன் அல்லன். தனக்கு உரியதையே தனக்குத் தகாது என்று விட்டுக்கொடுத்து ஒதுங்குகிறவன். தற்பெருமையைவிட இது மோசம், இதுதான் அதிகம் காணப்படுவதும் என்கிறார். ஆனால் இவர்கள் கெட்டவர்கள் அல்லர், தம்மைத் தவறாக எடைபோட்டவர்கள் என்றும் சொல்லியிருக்கிறார். அந்த வரியைப் பலமுறை படித்தேன். 13ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இதைப் பாவங்களில் ஒன்றாகவே வைத்தார். பைபிள் கதையில் எஜமான் கொடுத்த பணத்தை மண்ணில் புதைத்துவைத்த ஊழியனை அதற்கு உதாரணம் காட்டினார்.

ஆறு வருடமாக அலுவலகத்தில் அந்தப் பிரிவையே நீதான் தாங்குகிறாய். உன் அறிக்கையைப் படித்துவிட்டு எனக்கு இரவு தூக்கம் வரவில்லை, அவ்வளவு பெருமை. அப்படிப்பட்டவள் தலைமைப் பொறுப்புக்கு விண்ணப்பிக்கவே இல்லையாமே! கேட்கப் போவதில்லை என்று எழுதிவிட்டுக் கேட்கிறேன், மன்னித்துக்கொள். விண்ணப்பி அம்மா. கிடைக்காவிட்டால் போகட்டும், விண்ணப்பி. உனக்கு வாய் திறந்து கேட்கவே வராது, சின்ன வயதிலிருந்து இப்படித்தான்.

சின்ன வயதிலிருந்து என்று எழுதியதும் கை நின்றுவிட்டது.

பத்தாம் வகுப்பில் ஆண்டு விழாவில் பேச உன்னைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆசிரியை என்னிடம் சொன்னபோது நீ பக்கத்தில் பேச்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய். "இவள் கூச்ச சுபாவம், வேறு யாரையாவது பேசச் சொல்லுங்கள்" என்றேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. தாளை நான்காக மடித்து ஜியோமெட்ரி பெட்டிக்குள் வைத்தாய். நீ அதுவரை கூச்சப்பட்டதே இல்லை, பாப்பா. மேடையில் நீ தடுமாறினால் என்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது என்று பயந்தவன் நான். என் பயத்துக்கு உன் பெயரை வைத்தேன். பிறகு உறவினர் வீடுகளிலெல்லாம் அதையே சொன்னேன், நீயும் நம்பிவிட்டாய்.

பியூஸிலானிமஸ் என்ற சொல்லுக்கு நேரே என் பெயரைத்தான் எழுத வேண்டும்.

கடைசித் தேதி இன்னும் போகவில்லை என்று தம்பி சொன்னான். விண்ணப்பி. அந்தப் பெட்டி பரண் மேல் இருந்தது, போன வாரம் இறக்கினேன். தாளை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். நான் பிரித்துப் படிக்கவில்லை.

அப்பா