சீசன் முடியட்டும், கண்ணு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டி வலி இருக்கத்தான் செய்கிறது. குளிர் குறைந்தால் வலியும் குறையும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெரியத்தை வீட்டு விஷயம் இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. நீ அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்காதே. நீல ஸ்வெட்டர் உன் அலமாரியிலேயே இருந்தது, அடுத்த பார்சலில் அனுப்புகிறேன்.

ராத்திரி சாப்பிட்டுவிட்டுத்தானே படுக்கிறாய்? ப்ராக்டிஸ் முடிந்து எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, இனிமேல் யார் சமைப்பது என்று சீரியலைக் கொட்டிப் பால் ஊற்றிக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை ஒரு குழம்பு வைத்து ஃப்ரிட்ஜில் எடுத்து வை, புதன்கிழமை வரைக்கும் வரும்.

நீ அனுப்புகிற மெசேஜில் "நல்லா இருக்கேன்மா, பிஸி" என்பதற்கு மேல் எதுவும் இருப்பதில்லை. முன்பெல்லாம் உன் பள்ளிப் பெண்கள் டீமுக்கு வெளியூரில் கூடைப்பந்து ஆட்டம் முடிந்தால் பஸ்ஸிலிருந்தே கூப்பிடுவாய். பிள்ளைகள் போடுகிற கூச்சலில் நீ பேசுவது பாதி கேட்காது. யார் ஃப்ரீ த்ரோவைக் கோட்டைவிட்டாள், யாருக்குக் கணுக்கால் பிசகியது, ரெஃப்ரி எதைப் பார்க்காமல் விட்டார் என்று எல்லாமே எனக்கு அத்துப்படி. ஜனவரி கடைசியிலிருந்து அந்தப் போன் வரவில்லை. நான் அதைக் கேட்கப்போவதில்லை. வேலை இருக்கும், சரி.

நாட்டிலேயே சிறந்த பள்ளிக் கூடைப்பந்துப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கிற மெக்டொனால்ட்ஸ் ஆல் அமெரிக்கன் பட்டியல் வந்த அன்று நாங்களும் பார்த்தோம். 24 பெண்களின் பெயரையும் அப்பா மேலிருந்து கீழே படித்தார், அப்புறம் கீழேயிருந்து மேலே படித்தார். உன் டீமில் பதினோராம் நம்பர் போட்டு ஆடுகிற பெண்ணின் பெயர் இல்லை. அப்பா ஒன்றும் பேசாமல் டீ போட எழுந்து போய்விட்டார். நாங்கள் அவளை நேரில் ஒரே ஆட்டத்தில்தான் பார்த்திருக்கிறோம், ஆனாலும் மனசு கேட்கவில்லை.

நாடு முழுவதும் பெண்களும் பையன்களுமாக 700 பேருக்கு மேல் பெயர் கொடுக்கிறார்கள். எடுப்பது 24 பெண்கள், 24 பையன்கள். அந்த 700 பேரில் ஒரு பெயர் உன் ஜிம்மிலிருந்து போனதே, அதற்கு நீ போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அம்மா கதவைத் தட்டினார் என்றாயே, அந்தச் சந்தோஷமெல்லாம் ஒரு பட்டியலோடு எங்கே போயிற்று?

ஸ்டெஃபன் கரி கதையை எடுத்துக்கொண்டு உனக்கு ஆறுதல் சொல்ல வரவில்லை. 2006-இல் அவனும் பட்டியலில் இல்லை, அவன் அப்பா என்பிஏ என்கிற பெரிய லீக்கில் ஆடியவர், அப்படியும் இல்லை. பின்னாளில் அவனே அந்த லீக்கில் இரண்டு முறை எம்விபி, அதாவது சிறந்த ஆட்டக்காரர், ஆனான். எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும், அந்தப் பெண்ணிடம் இதற்குள் பத்துப் பேராவது சொல்லியிருப்பார்கள். நீ சொல்லாதே. அவளுக்குப் பதினேழு வயது. கரி மாதிரி ஆனால்தான் இந்த வலிக்கு ஈடு என்று அவள் தலையில் இன்னொரு பாரத்தை ஏற்றுவதாகத்தான் முடியும். மைக்கேல் ஜோர்டான் 1981-இல், இந்தப் பட்டியலில் வந்தவர்கள் ஆடுகிற மெக்டொனால்ட்ஸ் ஆட்டத்தில் 30 பாயிண்ட் போட்டும் சிறந்த ஆட்டக்காரர் பரிசு வேறு இரண்டு பேருக்குப் போனது. ஜோர்டானின் அம்மா அன்றைக்கு ராத்திரி என்ன நினைத்துப் படுத்தாரோ என்றுதான் எனக்குத் தோன்றும்.

நான் உனக்கு ஞாபகப்படுத்த நினைப்பது ஷெரில் மில்லரை. 1982-இல் கலிஃபோர்னியாவில் ரிவர்சைடு பாலி பள்ளிக்காக ஒரே ஆட்டத்தில் 105 பாயிண்ட் போட்டவள். நீ பத்து வயதில் சுவரில் அவள் படம்தானே ஒட்டிவைத்திருந்தாய், டேப் ஒட்டிய இடத்தில் பெயிண்ட் உரிந்து இன்னும் தெரிகிறது. அவளுக்கு மெக்டொனால்ட்ஸ் ஆட்டத்தில் ஆட வழியே இருக்கவில்லை. பையன்களுக்கு 1977-இலேயே டீம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பெண்களுக்கு முதல் ஆட்டம் 2002-இல்தான். இடையில் 25 வருஷம். அத்தனை வருஷமும் எத்தனை பெண்கள் ஆடினார்கள், அவர்களுக்கு எத்தனை கோச்சுகள் சாயங்காலம் விளக்கைப் போட்டு ஜிம்மைத் திறந்து வைத்தார்கள்! பெயர் எடுக்க ஆள் இல்லை என்பதற்காக ஒருவரும் பூட்டிவிட்டுப் போகவில்லை.

நீ "சரியான கோச்" இல்லை என்பதால் அவள் பெயர் வரவில்லை என்று நினைக்கிறாய் என்றால், அது தப்பு. யார் சொன்னது என்று கேட்காதே, எனக்குத் தோன்றியது. உன் பெண் கோடை முழுக்க அக்காவின் குழந்தையைப் பார்த்துக்கொண்டாள், மளிகைக் கடையில் நின்றாள். அந்த நேரத்தில் ஷூ கம்பெனிகள் பணம் போட்டு நடத்தும் கோடைப் போட்டிகளில் மற்ற பெண்கள் ஊர் ஊராக ஆடிக்கொண்டிருந்தார்கள். பத்திரிகைக்காரர்களும் கல்லூரி கோச்சுகளும் அங்கேதான் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறார்கள். பையன்கள் பக்கம் கேட்கவே வேண்டாம், ஃப்ளோரிடாவில் மான்ட்வெர்டி மாதிரிப் பள்ளிகளுக்கு நாடெங்கிலுமிருந்து, வெளிநாட்டிலிருந்தும்கூட, பிள்ளைகள் வந்து சேர்கிறார்கள். கண்ணில் படுகிறவர்களிலிருந்துதான் தேர்வு நடக்கிறது. எடுக்கப்பட்ட பெண்கள் தகுதியில்லாதவர்கள் என்று நான் சொல்லவில்லை, எல்லோருமே அபாரமாக ஆடுகிறவர்கள்தான். உன் பெண்ணைப் பார்க்க யாரும் அந்த ஜிம்முக்கு வரவில்லை என்கிறேன், அவ்வளவுதான்.

நீ இருக்கிற ஊரைப் பற்றியே சொல்கிறேன். ஃபோர்ட் வொர்த்தில் ராபர்ட் ஹ்யூஸ் என்ன செய்தார் என்று வேலையில் சேர்ந்த புதிதில் நீதானே எனக்கு மூச்சுவிடாமல் சொன்னாய். 1958-இலிருந்து ஐ.எம். டெரெல் பள்ளியில் கோச். கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய பள்ளி, அவர்களுக்குத் தனி லீக், அதில் மூன்று மாநிலப் பட்டம் வாங்கினார். 1973-இல் அந்தப் பள்ளியையே மூடிவிட்டார்கள். டன்பார் பள்ளிக்குப் போனார், 2005 வரை அங்கே. மொத்தம் 1,333 வெற்றி. கூடைப்பந்தில் பெரிய மரியாதையான ஸ்பிரிங்ஃபீல்டு ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயரைச் சேர்த்தது 2017-இல், அவருக்கு அப்போது 89 வயது. பட்டம் வரட்டும் என்று காத்திருந்தாரா அவர்? ஒரு ஊரிலேயே 47 வருஷம் பிள்ளைகளோடு நின்றார்.

லீட்டா ஆண்ட்ரூஸையும் நினைத்துப் பார். உன் ஊரிலிருந்து ஒரு மணி நேரம் கூட ஆகாது கிரான்பரிக்கு. 1962-இல் தொடங்கி 52 வருஷம் பெண்களுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்தார். 1,416 வெற்றி. 2010-இல் ஹ்யூஸின் கணக்கையே தாண்டினார். மாநிலப் பட்டம் எத்தனை தெரியுமா? ஒன்றே ஒன்று. 1990-இல், காலாலன் பள்ளியில். வேலையில் சேர்ந்து 28 வருஷம் கழித்து வந்தது. அதற்கப்புறம் இன்னும் 24 வருஷம் கோச்சாக இருந்தார், இரண்டாவது பட்டம் வரவில்லை. கடைசிப் படிவரை போய்த் தோற்றுத் திரும்பிய வருஷங்களில் அந்த அம்மா மறுநாள் ஜிம்முக்குப் போனார், பார். எனக்கு அந்த மறுநாள்தான் பெரிதாகத் தெரிகிறது.

உனக்கு இது எத்தனையாவது சீசன்? யோசித்துக்கொள்.

நீ இந்த வேலைக்குப் போகிறேன் என்றபோது நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. பேங்க் வேலையை விட்டுவிட்டுச் சம்பளம் குறைவான இடத்துக்கு, அவ்வளவு தூரம் போகிறாயே என்று கேட்டோம். "இதுதாம்மா என் வேலை" என்றாய். அதே வாயால் நீ வேறு மாதிரிப் பேசினால் எனக்கு எப்படி இருக்கும்? அப்பா உன் ஆட்ட முடிவுகளை எல்லாம் இன்றைக்கும் அந்தப் பழைய டைரியில் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார். தோற்றதையும் எழுதுகிறார். கோவிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் "என் பொண்ணு டெக்ஸாஸ்ல கோச்" என்கிறார், டாக்டர் பிள்ளைகளைப் பெற்றவர்கள் முன்னால் நின்றுகொண்டு சொல்கிறார். இதை நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

போன வருஷம் உயரமான டீமோடு ஆடுவதற்கு முன்பு நீ துடைப்பத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்று, அதற்கு மேலாகப் பந்தைப் போடச் சொன்ன வீடியோவை நான் அடிக்கடி பார்ப்பேன். மேரிலாண்டில் டிமாத்தா பள்ளியின் மார்கன் வுட்டனிடமிருந்து எடுத்தது என்றாய். 1965-இல் அவர் ஏழடி உயரமிருந்த லூ ஆல்சிண்டரின் (பின்னாளில் கரீம் அப்துல் ஜபார்) டீமை எதிர்த்து ஆட, தன் பையன்களுக்கு எதிரில் டென்னிஸ் ராக்கெட்டைத் தூக்கிப் பிடிக்க வைத்துப் பழக்கினாராம். 71 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்து வந்த பவர் மெமோரியல் டீம் அன்றைக்குத் தோற்றது. அப்பாவுக்கு இந்தக் கதை சொல்லச் சொல்ல அலுக்காது. எனக்கு வுட்டனைவிட உன் துடைப்பம்தான் பிடிக்கும். அந்தக் குட்டிப் பெண், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, பந்து உள்ளே விழுந்ததும் முதலில் உன் முகத்தைத்தான் பார்த்தாள். கூடையைப் பார்க்கவில்லை.

இங்கே ஜெர்சி சிட்டியில் கறிவேப்பிலை வாங்க நூவர்க் அவென்யூவுக்குப் போனால், அதே தெருவில் ஒயிட் ஈகிள் ஹால் பக்கமும் போக வேண்டியிருக்கிறது. இப்போது அங்கே பாட்டுக் கச்சேரி நடக்கிறது. செயின்ட் ஆன்டனி பள்ளிக்குச் சொந்த ஜிம் இல்லாமல், கோச் பாப் ஹர்லி தன் பையன்களை அப்போது பிங்கோ ஹாலாக இருந்த அந்த இடத்தில்தான் பழக்கினார் என்று நினைத்துக்கொள்வேன். பகலில் ப்ரொபேஷன் ஆபீசர் வேலை, சாயங்காலம் கோச். 28 மாநிலப் பட்டம் வாங்கினார், 2010-இல் ஹால் ஆஃப் ஃபேம். அப்படியும் 2017-இல் பணமில்லாமல் பள்ளியை மூடினார்கள். இத்தனை மரியாதையும் சேர்ந்து ஒரு பள்ளியை நிறுத்திவைக்க முடியவில்லை. ஆனால் அவரிடம் ஆடிய பையன்கள் ஏறக்குறைய எல்லோரும் கல்லூரிக்குப் போனார்கள். அதை யாரும் மூட முடியாது. நம் தெருக்காரர் என்பதால் சொல்கிறேன் என்று நினைக்காதே, இதை நான் மனசார நம்புகிறேன்.

சரி, இனி மூடி வைப்பானேன். தம்பி சொல்லிவிட்டான். டல்லாஸில் ஏதோ ஆபீஸ் வேலைக்கு எழுதிப்போட்டிருக்கிறாயாம், இன்டர்வியூவும் முடிந்ததாம். அவனைத் திட்டாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். அன்றையிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. நீ வேலை மாறுவதால் அல்ல. எங்களிடம் சொல்ல முடியாத அளவுக்கு நீ தனியாக எதையோ தூக்கிச் சுமக்கிறாயே என்றுதான்.

களைத்துப்போய்விட்டாய், உடம்பு முடியவில்லை, சம்பளம் போதவில்லை என்றால் வந்துவிடு, கண்ணு. யாருக்கும் நீ பதில் சொல்ல வேண்டாம், கோவிலில் கேட்கிறவர்களுக்கு அப்பாவும் நானும் சொல்லிக்கொள்கிறோம். அந்த 24 பெயர்களுக்காக என்றால் மட்டும் கூடாது. அதுவும் சீசன் நடுவில் கூடவே கூடாது. பதினோராம் நம்பர் பெண்ணுக்கு நீ முகம் கொடுத்துப் பேசினாயா? தன்னால்தான் கோச் இப்படி ஆகிவிட்டாள் என்று அவள் நினைத்துக்கொண்டால்? ஆர்கன்சாஸ் கல்லூரிக்காரர்கள் பதில் போட்டார்களா? அவளுடைய ஆட்ட வீடியோவை வெட்டி ஒட்டிச் சின்னக் கல்லூரிகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாயே, அது நின்றுவிட்டதா? அவளுக்கு இப்போது வேண்டியது ஸ்காலர்ஷிப் தருகிற ஒரு கல்லூரி. அதற்கு நீ உட்கார்ந்து மெயில் எழுத வேண்டும், வேறு யார் எழுதுவார்கள்? இன்றைக்கே எழுது. சாப்பிட்டுவிட்டு எழுது.

நானும் அப்பாவும் பிளே ஆஃபுக்கு வருகிறோம். முட்டியைப் பற்றி நீ பேச வேண்டாம், அவர் ஏற்கெனவே டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருக்கிறார். முதல் ஆட்டம் உங்கள் ஜிம்மிலா, வெளியூரிலா, என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று ஒரு மெசேஜ் போடு. தம்பிக்கு லீவு கிடைத்தால் அவனும் வருவான். பிள்ளைகள் எத்தனை பேர் என்றும் சொல், எல்லோருக்கும் முறுக்கு சுட்டு எடுத்து வருகிறேன், யாருக்காவது வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது என்றால் முன்கூட்டியே சொல்லிவிடு. டல்லாஸ்காரர்கள் அதற்குள் பதில் கேட்டால் சீசன் முடிந்ததும் சொல்கிறேன் என்று எழுது. மற்றதை நேரில் பேசிக்கொள்வோம்.

அன்புடன்,
அம்மா