பாலா, வெங்காயமா, கோதுமையா: இந்திராவுக்கு ஒரு கடிதம்

பீடோர்

அன்புள்ள இந்திரா,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு ஈப்போவிலேயே வேலை அமைந்ததில் இங்கே எல்லாருக்கும் சந்தோஷம். சுங்கை சிப்புட்டிலிருந்து போய்வருகிற தூரம்தானே, அறை வாடகை மிச்சம். தனம் மகன் கல்யாணம் கார்த்திகையில் என்று முடிவாகிவிட்டது. பத்திரிகை உனக்கும் வரும். அந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொள், கீழே அதற்கு ஒரு வேலை இருக்கிறது.

இனி உன் வயிற்று விஷயம். வயிறு ஊதுகிறது, இளகுகிறது, எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும் என்கிறாய். பால், கோதுமை, பருப்பு, முட்டை எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தப் போவதாக எழுதியிருக்கிறாய். நிறுத்துவது யாருக்கும் முடியும். நிறுத்தியதை எந்த வரிசையில், எவ்வளவு எவ்வளவாகத் திரும்ப எடுப்பாய் என்று ஒரு வரிகூட எழுதவில்லையே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. திரும்பச் சேர்க்கும்போதுதான் விடை வரும். அதைச் செய்யாதவர்கள் வருஷக்கணக்கில் பாலையும் பருப்பையும் தொடாமல், எது ஒத்துக்கொள்ளவில்லை என்றும் தெரியாமல் இருக்கிறார்கள்.

சாப்பாட்டில் கை வைப்பதற்கு முன்னால் கிளினிக்குக்குப் போ. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் ஆரம்பித்த பிறகுதான் வயிறு இளகுகிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்த மாத்திரைக்கு அது நன்றாகத் தெரிந்த பக்கவிளைவு. மெதுவாகக் கரையும் வகையும் உண்டு, மாற்றிக் கொடுக்க முடியுமா என்று டாக்டரிடம் கேள். நீயாக நிறுத்திவிடாதே. சாப்பாட்டின் அளவு மாறப் போகிறது என்பதையும் சொல்லிவிடு. இன்சுலினோ சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்களுக்குத் திடீரென்று சாப்பாடு குறைந்தால் மயக்கம் வரும். இன்னொன்று, கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே சீலியாக் நோய்க்கான (கோதுமைப் புரதத்தால் சிறுகுடல் கெடுகிற நோய்) ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று கேள். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அந்தப் பரிசோதனை சரியாகக் காட்டும். நிறுத்திவிட்டுப் போனால் மறுபடியும் வாரக்கணக்கில் கோதுமை சாப்பிட வைத்துப் பார்ப்பார்கள். அரசாங்க கிளினிக்கில் நமக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான், சோம்பல் படாதே. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை இறங்குவது, தூக்கத்திலிருந்து எழுப்புகிற வயிற்றுப்போக்கு, ரத்தசோகை இதில் ஏதாவது இருந்தால் இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு முதலில் அதைப் பார்க்கச் சொல்.

இறால் சாப்பிட்டால் உதடு அரிக்கிறது என்றாயே, அது வேறு கணக்கு. அது ஒவ்வாமையாக இருக்கலாம். அதை வீட்டில் சோதித்துப் பார்க்கவே கூடாது. இறாலை அரைத்துச் செய்கிற பிலாச்சான் சேர்த்த சம்பலும் அதில் அடக்கம்.

உன் தொல்லைக்குப் பொருத்தமானது ஃபோட்மேப் முறை. மெல்பர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது. ஃபோட்மேப் என்பது சில வகை மாவுச்சத்தும் சர்க்கரையும். அவை சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் தண்ணீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போகும். அங்கே கிருமிகள் அதைப் புளிக்க வைக்க, காற்று சேரும், வயிறு ஊதும். வெங்காயம், பூண்டு, கோதுமை இவற்றில் இருப்பது ஃப்ரக்டான். பருப்பு, கடலையில் வேறொன்று. பாலில் லாக்டோஸ். மாம்பழத்திலும் தேனிலும் ஃப்ரக்டோஸ். காளானிலும் காலிஃப்ளவரிலும் மானிட்டால். முட்டையில் இவை எதுவுமே இல்லை, ஆகவே முட்டையை நிறுத்த உனக்குக் காரணமே கிடையாது.

முதல் கட்டம் இவை உள்ள சாப்பாட்டையெல்லாம் நிறுத்துவது, இரண்டிலிருந்து ஆறு வாரம். சோறு, அரிசி மாவில் செய்த புட்டு, இடியாப்பம், மீன், கோழி, முட்டை, கட்டித் தௌகுவா (சோயாக் கட்டி), உருளைக்கிழங்கு, கேரட், வெண்டைக்காய், கங்கோங் கீரை, வெள்ளரி, பப்பாளி, அன்னாசி எல்லாம் சாப்பிடலாம். நெத்திலியை முள்ளோடு சாப்பிட்டால் பால் இல்லாத குறைக்குச் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். இட்லியைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை, அதில் உளுந்து இருக்கிறது. முதல் கட்டத்தில் தள்ளி வை.

நம் சமையலில் பெரிய சிக்கல் வெங்காயமும் பூண்டும்தான். கறியில் போட்டு வேகவைத்துவிட்டுத் துண்டுகளைப் பொறுக்கி எடுத்தால் போதும் என்று நினைப்பார்கள். போதாது. ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், குழம்பு முழுக்க இறங்கியிருக்கும். எண்ணெயில் அது கரையாது. ஆகவே 100 மில்லி எண்ணெயில் நாலைந்து பல் பூண்டைத் தட்டிப் போட்டு, சின்ன நெருப்பில் இளம் பொன்னிறமாகும் வரை வைத்து, வடிகட்டிப் பூண்டைத் தூக்கிப் போட்டுவிடு. வாசனை எண்ணெயில் நிற்கும், தொல்லை நிற்காது. தண்ணீர் சேர்ந்த எதையும் அந்த நேரத்தில் சட்டியில் ஊற்றாதே. அன்றைக்கே தீர்த்துவிடு, மிஞ்சினால் குளிர்பெட்டியில் இரண்டு நாள். அலமாரியில் வைத்தால் பூண்டெண்ணெயில் கொடிய நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரும். வெங்காய மணத்துக்கு வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியை மட்டும் நறுக்கிப் போடு, வெள்ளைப் பகுதி ஆகாது. கொஞ்சம் பெருங்காயமும் கைகொடுக்கும், ஆனால் டப்பியைப் படி. கட்டிப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பது வழக்கம்.

கடைச் சரக்கு எல்லாவற்றிலும் லேபிளில் கண்டும் (கோதுமை), சூசு (பால்), பாவாங் (வெங்காயம், பூண்டு) என்ற மூன்று மலாய்ச் சொற்களையும் தேடு. கிச்சாப்பில் (சோயா சாஸ்) கோதுமை இருக்கும். மைலோவில் பார்லி மால்ட்டும் பாலும் இருக்கும். காலைக்கு தே ஓ (பால் இல்லாத தேநீர்) குடி. ஒட்டுக்கடைக் கறி எதையும் இந்த வாரங்களில் நம்பாதே, வெங்காயம் இல்லாத கறி அங்கே ஏது.

ஒரு நோட்டு போடு. நேரம், சாப்பிட்டது, அளவு, வயிற்றுத் தொல்லைக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண், மலம் எந்த வகை என்பது போதும். பிரிஸ்டல் அட்டவணையில் ஏழு வகை படத்தோடு இருக்கிறது, மகளைத் தேடித் தரச் சொல். தூக்கம் கெட்ட இரவையும் மாத்திரை மாறிய நாளையும் ஓரத்தில் எழுது. சாப்பாட்டின் மேல் போடுகிற பழியில் பாதி அங்கேதான் இருக்கும். நிறுத்துவதற்கு முன் ஒரு வாரம் வழக்கம்போல் சாப்பிட்டு எழுதினால்தான் ஒப்பிட முடியும்.

நாலு வாரம் ஒழுங்காக இருந்தும் எண் இறங்கவில்லையென்றால் உன் தொல்லைக்குக் காரணம் இது இல்லை. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிவிட்டு டாக்டரைப் பார். இன்னும் கொஞ்ச நாள் இருந்து பார்ப்போம் என்று இழுக்காதே.

இறங்கினால் அடுத்த கட்டம். ஒரு நேரத்தில் ஒரு வகை, மூன்று நாள், கூட்டிக் கூட்டி. மற்றதெல்லாம் நிறுத்தியபடியே இருக்க வேண்டும். பாலென்றால் முதல் நாள் 60 மில்லி, அடுத்த நாள் 125, மூன்றாம் நாள் 250. வெறும் பால், தே தாரே (ஆற்றிய பால் தேநீர்) அல்ல. அதில் தேயிலையும் சீனியும் சேர்ந்து குழப்பும். பிறகு இரண்டு மூன்று நாள் எதுவும் புதிதாகச் சேர்க்காதே. தொல்லை மறுநாள்கூட வரலாம், அடுத்த சோதனையின் தலையில் அது விழக் கூடாது. கோதுமைக்குச் சப்பாத்தி, ஒன்று, இரண்டு, மூன்று என்று. ரொட்டி சானாய் சோதனைக்கு ஆகாது. எண்ணெய், முட்டை, கட்டிப்பால் எல்லாம் சேர்ந்திருப்பதால் எதைக் குற்றம் சொல்வது? வேகவைத்த பருப்பு இரண்டு மேசைக்கரண்டி, பிறகு கால் கப், அரை கப். வெங்காயம் ஒரு மேசைக்கரண்டி, கால் வெங்காயம், அரை வெங்காயம். பூண்டுக்குத் தனிச் சோதனை. முதல் நாளே வயிறு கலங்கினால் அங்கேயே நிறுத்து, அடங்கியபின் அடுத்த வகைக்குப் போ.

பாலில் சந்தேகம் இருந்தால் மகளிடம் சொல். லாக்டோஸ் நீக்கிய பாலும் சாதாரணப் பாலும் எது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிக் கொடுக்கட்டும். பயமே வயிற்றை ஊத வைக்கும், அதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். லாக்டோஸ் நீக்கிய பால் கொஞ்சம் கூடுதலாக இனிக்கும், அதனால் இரண்டையும் மணமான ஏதாவதில் கலந்து கொடுக்கச் சொல். 250 மில்லி பாலில் ஏறக்குறைய 12 கிராம் லாக்டோஸ். பால் ஒத்துக்கொள்ளாதவர்களில் பலருக்கு அந்த அளவுகூட ஒரே தடவையில் தாங்கும். ஆக, ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தாலும் எவ்வளவு வரை தாங்குகிறது என்பதை நோட்டில் எழுது. அதுதான் பிற்பாடு உதவும்.

ஒரே ரத்தத்தில் நூற்றுக்கணக்கான உணவைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று விளம்பரம் அனுப்பியிருந்தாய். ரத்தத்தில் ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்புப் புரதத்தைப் பார்க்கும் அந்தப் பரிசோதனை நீ அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறாய் என்பதைத்தான் காட்டும். காசைக் கொட்டாதே.

எப்போது தொடங்குவது? புரட்டாசியில் வேண்டாம். மீன், கோழி, முட்டை இல்லாத மாதத்தில் பருப்பையும் தயிரையும் எடுத்தால் புரதத்துக்கு வழி எங்கே? தீபாவளி முறுக்கில் உளுந்து, அதிரசம் ஒரு பக்கம், எல்லாம் முடியட்டும். அதற்கு அடுத்த வாரம் தொடங்கு. கல்யாணம் திரும்பச் சேர்க்கிற கட்டத்தில் விழலாம். விருந்தில் சாப்பிட்டுவிட்டு, வயிறு அடங்க மூன்று நாள் விட்டு, நிறுத்திய இடத்திலிருந்து தொடரு. முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

டாக்டர் மாத்திரையைப் பற்றி என்ன சொன்னார் என்று எழுது. முதல் வாரத்து நோட்டுப் பக்கங்களை மகளை விட்டுப் படம் எடுத்து அனுப்பச் சொல். அண்ணனைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மங்களம்