கொள்ளிடப் படுகைக்கு வந்துவிடு

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. பேரனுக்குக் கூடாரம் வாங்கியிருக்கிறேன், ஹோட்டல் வேண்டாம், சத்தமில்லாத இடமாகச் சொல் என்று கேட்டிருந்தாய். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கபிஸ்தலத்துக்கு வடக்கே, கொள்ளிடப் படுகையில் இருக்கும் எங்கள் தோப்புக்கு வந்துவிடு. போன வாரம்தான் நானும் தம்பி மகனும் அங்கே மூன்று இரவு தங்கினோம். அறுபது வருஷமாக அந்தக் கரையில் நடக்கிறேன், ராத்தங்கியது இதுதான் முதல் தடவை.

முதல் இரவு தூக்கமே இல்லை. மணல் மெத்தென்று இருக்கிறதே என்று ஆற்றிலேயே கூடாரம் போட்டோம். முளை நிற்கவில்லை. நடுநிசியில் காற்று கிளம்பியதும் ஒரு பக்கம் பிடுங்கிக்கொண்டு எங்கள் மேலேயே சரிந்துவிட்டது. மறுநாள் உரச்சாக்கில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, தோப்புக்குள் தள்ளிப் போட்டோம். தென்னைக்கு நேர் கீழே வேண்டாம், மட்டை விழும். ஓரத்துப் புங்கமரத்தடிதான் சரி. பனி கொட்டுகிறது. கோரைப்பாயும் கெட்டிப் போர்வையும் நான் எடுத்து வைக்கிறேன்.

இரண்டாவது இரவு எப்படி இருந்தது தெரியுமா? எங்கோ ஓர் ஆட்காட்டிப் பறவை கத்தி ஓய்ந்தது. அதற்குப் பிறகு, அகண்ட மணலுக்கு நடுவே ஒற்றைக் கோடாக ஓடுகிற தண்ணீர் சத்தம் மட்டும்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம் அப்பாக்கள் மாட்டு வண்டியை இறக்கிக் கடந்த ஆறு. இன்று மணல் அள்ளி அள்ளி அங்கங்கே ஆள் முழுகும் குழியாகிக் கிடக்கிறது. பேரனைத் தனியாக இறங்க விடாதே. கீழே அணைக்கரைப் பக்கம் முதலையும் உண்டு. நான் காட்டும் துறையில் குளிக்கலாம்.

பொங்கல் கழிந்த வாரம் வா. மேட்டூரை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடுவார்கள். அதற்குள் வந்தால் காவிரியிலும் தண்ணீர் இருக்கும், சம்பா அறுப்பும் பார்க்கலாம். ஆடியிலிருந்து ஐப்பசி வரை படுகையில் தங்குகிற பேச்சே கூடாது. காவிரியில் மிஞ்சும் வெள்ளத்தையெல்லாம் கொள்ளிடத்தில்தான் திருப்பி விடுவார்கள். 2018 ஆகஸ்டில் எங்கள் வாழை முழுக்க மூழ்கியது.

சுற்றிப் பார்ப்பதைப் பற்றி ஒன்று சொல்கிறேன், கேள். ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். காலையில் போய்விட்டு, மதியச் சோற்றுக்குத் தோப்புக்குத் திரும்பிவிட வேண்டும். பெரிய கோயிலை நீ பத்துத் தடவை பார்த்திருப்பாய். பசுபதிகோயில் பக்கத்தில் இருக்கும் புள்ளமங்கைக்கு இதுவரை போனதுண்டா? முதலாம் பராந்தகன் காலத்துக் கோயில். அடித்தளத்தைச் சுற்றி உள்ளங்கை அளவுக் கட்டங்களில் ராமாயணக் காட்சிகள். தரையில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். எருமைத்தலை மேல் நிற்கும் துர்க்கை முன்னால் அரைமணி நேரம் நின்றேன், நகர மனம் வரவில்லை.

கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு சைக்கிளில் தாராசுரம் போவோமே, ஞாபகம் இருக்கிறதா? ஒரே தலையை யானையும் காளையும் பங்கு போட்டுக்கொள்ளும் அந்தச் சிற்பத்தைப் பேரனுக்குக் காட்டு. நாம் தட்டித் தட்டிச் சுரம் கேட்ட படிகளுக்கு இப்போது கம்பி அடைப்பு போட்டிருக்கிறார்கள். நல்லதுதான்.

சுவாமிமலையில் ஒரு வார்ப்புப் பட்டறைக்குச் சொல்லி வைக்கிறேன். மெழுகில் உருவம் பிடித்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, சூடாக்கி மெழுகை வடித்துவிட்டு, அந்தக் கூட்டில் உலோகக் குழம்பை ஊற்றுவார்கள். சிலை வேண்டுமென்றால் அச்சை உடைத்தாக வேண்டும். அதனால் ஒன்று போல் இன்னொன்று வருவதில்லை. பையனுக்குக் கட்டாயம் பிடிக்கும்.

நேரமிருந்தால் அணைக்கரை வழியாகக் கங்கைகொண்ட சோழபுரம். அணைக்கரையில் இருக்கும் கீழணையை 1830-களில் கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன், ஆழம் காணமுடியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையைக் கல்லணை கட்டியவர்களிடம் கற்றதாக எழுதியிருக்கிறார். நம் கூடாரத்து மணல் மூட்டையைக் கட்டும்போது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

தங்கச்சியையும் அழைத்து வா. இடுப்பு வலி என்றால் மோட்டார்க் கொட்டகையில் கட்டில் போட்டுத் தருகிறேன். புது அரிசிச் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் அங்கேயே அடுப்பு மூட்டிப் பொங்கிக்கொள்ளலாம். எந்த ரயிலில் வருகிறாய் என்று மட்டும் எழுது. பாபநாசம் ஸ்டேஷனுக்கு நான் வந்துவிடுகிறேன்.

உன் பழைய அறைத்தோழன்