நம் மாட்டுவண்டித் தொழிலாளர் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அய்யா அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வராதவர்கள் வீட்டுக்கும் இந்த அறிக்கையின் நகல் போய்ச்சேர வேண்டும் என்பதால் சில விஷயங்களை விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது. மே தினத்தில் கொடியேற்றினோம். ஆடியில் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தபோது படுகையில் கட்டியிருந்த மாடுகளை மேட்டுக்கு ஓட்டிவர உறுப்பினர்கள் கைகொடுத்தார்கள். கோமாரித் தடுப்பூசி இரண்டு சுற்றும் போடப்பட்டது. மாட்டுப் பொங்கல் வழக்கம்போல் நடந்தது. மறைந்த உறுப்பினர்களுக்குச் சங்கத்தின் சார்பில் மாலை வைத்தோம்.

இனி, இந்த ஆண்டின் முக்கிய வேலையான கழுத்துப் பாரச் சோதனை முகாம் பற்றி, அதாவது மாட்டின் கழுத்தில் எவ்வளவு பாரம் இறங்குகிறது என்று தராசில் பார்த்தது பற்றி. இது எதற்கு என்று பலர் கேட்டதால் காரணத்திலிருந்து தொடங்குகிறேன்.

ஆற்று மணல் ஓட்டம் குறைந்த பிறகு நம் வண்டிகள் நெல், கரும்பு, வைக்கோல், எரு, செங்கல் என்று மாறிவிட்டன. மணல் பெட்டிக்குள் தாழ்வாக, சமமாகப் பரவி நிற்கும். கரும்பும் வைக்கோலும் அப்படி அல்ல. உயரமாக ஏறும், முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டு நிற்கும். ஆனால் வண்டியின் அச்சு மட்டும் மணலுக்கு வைத்த இடத்திலேயே இருக்கிறது. அதனால் முன்பாரம் கூடி, நுகத்தடி திமிலுக்கு முன்னால் அழுந்தி, கழுத்துப் புண் வருகிறது. புண் வந்த மாட்டுக்கு வேப்பெண்ணெயும் மஞ்சளும் தடவி, மறுநாளே துணியைச் சுற்றிப் பூட்டுகிறார்கள். ஈரத் துணி புண்ணை ஆறவிடாது. ஆறும்வரை பூட்டாமல் இருப்பதுதான் வைத்தியம், ஆழமாக இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதைவிட முக்கியம், புண் வந்த காரணத்தை வண்டியில் தேடுவது. மாடு இழுக்கத்தான் வேண்டும், சுமக்கக் கூடாது.

சோதனை செய்யும் முறை இதுதான். சமதரையில் வண்டியை நிறுத்தி, வழக்கமாக ஏற்றும் பாரத்தை வழக்கமாக ஏற்றும் விதத்திலேயே ஏற்ற வேண்டும். சக்கரத்துக்குக் கல் வைத்து, மாட்டை அவிழ்த்துவிட்டு, நுகத்தடியின் நடுவைத் தொங்கு தராசில் மாட்டி, மாட்டின் கழுத்து உயரத்துக்குத் தூக்க வேண்டும். வண்டிக்காரர் தாம் உட்காரும் இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவர் எடையும் முன்பாரம்தான். தராசு காட்டுவதுதான் இரண்டு மாடும் சேர்ந்து சுமக்கும் பாரம். ஜோடிக்கு 30 முதல் 40 கிலோ என்பது நாம் வைத்துக்கொண்ட அளவு. பூஜ்யத்துக்கும் போகக் கூடாது. பின்பாரம் ஆகி ஏர்க்கால் (வண்டியிலிருந்து நுகத்தடி வரை நீளும் மரம்) மேலே தூக்கினால், மாட்டை நுகத்தடியோடு பூட்டும் பூட்டாங்கயிறு தொண்டையை நெரிக்கும். மாடு மூச்சுவாங்குவதைப் பார்த்து "சோம்பல்" என்று அடிப்பவர்கள் முதலில் கயிற்றின் கீழ் விரல் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும்.

கணக்கு எளிது. அச்சிலிருந்து நுகத்தடி வரை சுமார் 10 அடி. கொள்முதல் நிலையத்து 40 கிலோ சிப்பம் 25 ஏற்றினால் 1000 கிலோ. அந்தப் பாரம் முழுவதும் அச்சிலிருந்து அரை அடி முன்னால் தள்ளி நின்றால் கழுத்தில் 50 கிலோ கூடுகிறது. ஒரே ஒரு சிப்பத்தை அச்சுக்கு 3 அடி முன்னாலிருந்து எடுத்து 3 அடி பின்னால் போட்டால் 24 கிலோ குறைகிறது. செலவே இல்லாத வைத்தியம் இது.

அதுவும் போதாத வண்டிகளில் அச்சை நகர்த்த வேண்டும். யு போல்ட்டில் கட்டிய அச்சு என்றால் நட்டைத் தளர்த்தி 3 அங்குலம் முன்னால் தள்ளினால், அதே 1000 கிலோவுக்குக் கழுத்தில் 25 கிலோ இறங்கிவிடும். இரண்டு பக்கமும் ஒரே அளவு தள்ளியிருக்கிறதா என்று ஏர்க்கால் நுனியிலிருந்து இரண்டு சக்கர மையத்துக்கும் கயிறு பிடித்து அளக்க வேண்டும். வித்தியாசம் இருந்தால் வண்டி ஒரு பக்கமாகவே இழுக்கும், அந்தப் பக்கத்து மாடு சீக்கிரம் தேயும். அச்சைச் சட்டத்தோடு வெல்டிங் வைத்திருந்தால் வேலை அதிகம். வெல்டிங் சூட்டில் அச்சு இரும்பின் பலம் கெட்டு, பிறகு பாரத்தோடு போகும்போது அந்த இடத்திலேயே முறியும். புதிதாக வண்டி கட்டுபவர்கள் தயவுசெய்து அச்சில் நெருப்பு படவிடாதீர்கள்.

ஜோடியில் ஒரு மாடு வலுக்குறைவாக இருந்தால் நுகத்தடியை ஏர்க்காலோடு பிணைக்கும் நடுக் கட்டு வலுவான மாட்டின் பக்கம் இரண்டு விரல் தள்ளி விழும்படி கட்டினால் போதும். கட்டுக்கு அருகில் நிற்கும் மாடு அதிகம் இழுக்கும், மற்றதற்கு இளைப்பாறுதல் கிடைக்கும். மணப்பாறைச் சந்தைக்குப் போய்ச் சோடி மாற்றிவருவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

அடுத்தது பிரேக். மரச்சக்கரம் தானாகவே தடை கொடுக்கும், இறக்கத்தில் அது ஓரளவு காப்பாற்றும். டயரும் பேரிங்கும் வந்த பிறகு வண்டி சுலபமாக உருளுகிறது. ஏற்றத்தில் அது வரம், இறக்கத்தில் ஆபத்து. 1000 கிலோ பாரமும் 300 கிலோ வண்டியும் பத்தடிக்கு ஓரடி இறங்கும் கரைச் சரிவில் வரும்போது, உருளும் தடையைக் கழித்தாலும் சுமார் 100 கிலோ விசை மாடுகளை முன்னால் தள்ளுகிறது. அதோடு பாரத்தின் உயரத்தால் கழுத்துப் பாரமும் கூடுகிறது: பாரத்தின் மையம் அச்சுக்கு 3 அடி மேலே இருந்தால் இன்னொரு 30 கிலோ. அந்த நேரத்தில் மாடு முழங்கால் மடித்து விழுவதற்குக் காரணம் மாடு அல்ல.

சங்கத்தின் யோசனையில் செய்த பிரேக்கின் அமைப்பு: இரண்டு சக்கரத்துக்கும் பின்னால் குறுக்கே ஒரு இரும்புக் குழாய், அதன் இரு முனையிலும் பழைய டயர்த் துண்டு அடித்த மரக்கட்டை, வண்டிக்காரர் கைக்கு எட்டும் நெம்புகோல், நடுவில் கம்பிக் கயிறு, கட்டையைத் திரும்ப இழுக்க ஒரு ஸ்பிரிங். ஸ்பிரிங்கை மிச்சப்படுத்தக் கூடாது, அது இல்லாவிட்டால் கட்டை எப்போதும் உரசி, மாடு வீணாக இழுக்கும். இரு கட்டையும் ஒரே நேரத்தில் டயரைத் தொட வேண்டும். ஒன்று முந்தினால் இறக்கத்தில் வண்டி திரும்பிவிடும். சேற்றில் நனைந்த டயரில் கட்டை வழுக்கும் என்பதால் கரை ஏறுமுன் ஒருமுறை லேசாகப் பிடித்துத் துடைத்துவிட வேண்டும். இப்போது இந்த பிரேக் வைத்திருக்கும் வண்டிகள் வைக்காத வண்டிகளைவிடக் குறைவு என்பது எனக்கு வருத்தம்.

பேரிங் பராமரிப்பு பற்றி முகாமில் சொன்னதைப் பதிவுக்காகச் சுருக்கமாக எழுதுகிறேன். சக்கர நடுவில் உள்ள ஹப்பில் உள்ளே பெரியது, வெளியே சிறியது என்று இரண்டு டேப்பர் (கூம்பு வடிவ) பேரிங். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, சக்கரம் பிடிக்கும் நிலை வந்ததும் கால் சுற்றுக்குள் தளர்த்தி, நட்டு கழலாமல் ஸ்பிளிட் பின் போட வேண்டும். பின்னுக்குப் பதில் ஆணி வளைத்துப் போடுவது வேண்டாம். கிரீஸ் ஹப்பின் உள்வெளியில் பாதிக்கு மேல் அடைக்கக் கூடாது. அதிகமானால் சூடேறி சீல் பிதுங்கி வெளியே வரும், பிறகு மண் உள்ளே போகும். வாய்க்காலில் ஹப் முழுகும்படி இறக்கினால் அந்த வாரமே கழற்றிப் புதுக் கிரீஸ் வைக்க வேண்டும். ஓட்டம் முடிந்து கை வைக்க முடியாத சூடு ஒரு பக்கம் மட்டும் இருந்தால் அந்தப் பேரிங் போகப்போகிறது என்று அர்த்தம். இரண்டு டயரிலும் காற்று ஒரே அளவு இருக்க வேண்டும்.

மரச்சக்கரம் வைத்திருக்கும் சில மூத்த உறுப்பினர்களுக்கு: கோடையில் வட்டை (மர விளிம்பு) சுருங்கி அதன்மேல் உள்ள இரும்புப் பட்டா தளரும்போது சக்கரத்தைக் குளத்தில் ஊறப்போடுவது இரண்டு நாள் தீர்வு. அடிக்கடி செய்தால் ஆரக்கால் பொருத்தில் மரம் உளுத்துப்போகும். பட்டாவை வெட்டிச் சுற்றளவு குறைத்து, வறட்டி நெருப்பில் காய்ச்சி மறுபடி ஏற்றுவதே சரி. அந்த வேலை தெரிந்த ஆசாரிகள் நம் பக்கம் அருகிவருகிறார்கள். இருக்கும்போதே கற்றுக்கொள்ள இளைஞர்கள் யாராவது முன்வந்தால் சங்கம் துணை நிற்கும்.

லாடம்: மாட்டுக்கு எட்டு, ஜோடிக்குப் பதினாறு. தார்ச்சாலை ஓட்டத்தில் ஒன்று, ஒன்றரை மாதத்தில் தேய்ந்துவிடும். ஆணி குளம்பின் வெளிச்சுவர் வழியாக வெளியே வர வேண்டும். உள்ளே சாய்ந்தால் உயிர்ச்சதையில் ஏறிச் சீழ் பிடிக்கும். தீனி தின்றவுடன் லாடம் கட்ட மாட்டைச் சாய்த்துப் போடாதீர்கள்.

இரவு ஓட்டத்துக்கு ஒளிரும் பட்டை ஒட்டினோம், பின்னால் சிவப்பு, முன்னால் வெள்ளை. கரும்பு பின்னால் நீட்டிக்கொண்டு பட்டையை மறைப்பதால், பலகையில் ஒட்டிக் கட்டின் கடைசியில் தொங்கவிடச் சொல்லியிருக்கிறோம்.

சட்டம் பற்றியும் சொல்ல வேண்டும். இழுவை மாடுகளுக்கான 1965ஆம் ஆண்டு விதிகள் ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேலும், ஓய்வில்லாமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது என்கின்றன. வெயில் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் 12 முதல் 3 வரை பூட்டக் கூடாது. முள் வைத்த தார்க்குச்சிக்கும் தடை. 200 முதல் 350 கிலோ எடையுள்ள மாட்டுக்கு, டயர் இல்லாத இரு சக்கர வண்டியில் 700 கிலோ என்றால் டயர் வண்டியில் 1050 கிலோ. ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத ஏற்றத்தில், சரிவு 30 மீட்டருக்கு 3 மீட்டரைத் தாண்டினால், இதில் பாதிதான். நம் கரை ஏற்றங்கள் அவ்வளவு நீளமில்லை. ஆனாலும் அங்கே இரண்டு நடையாக ஏற்றுவதே நல்லது என்று குழு தீர்மானித்திருக்கிறது. சர்க்கரை ஆலை வரிசையில் காத்திருக்கும் நேரமும் மாட்டுக்கு வேலை நேரம்தான். அங்கே நிழலும் தண்ணீர்த் தொட்டியும் கேட்டு மனு கொடுத்தோம், பதில் வரவில்லை. அதுவரை ஏர்க்காலுக்குத் தாங்குகட்டை கொடுத்து மாட்டை அவிழ்த்து நிறுத்துங்கள்.

வரவு செலவு: விவரம் பொருளாளரிடம் உள்ளது. சந்தா, நன்கொடை, பொங்கல் வசூல் ஆகியவை வரவு. தராசு, ஜாக்கி, கிரீஸ், ஒளிரும் பட்டை, ஒலிபெருக்கி வாடகை, போக்குவரத்து ஆகியவை செலவு. கையிருப்பு சொற்பம். தணிக்கை செய்தவர்கள் ஒப்பமிட்டிருக்கிறார்கள்.

கையிருப்பு சொற்பமாக இருப்பதற்குக் காரணத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்த ஆண்டுச் சந்தா கட்டவில்லை. சிலருக்கு அதற்கு முந்தைய ஆண்டும் பாக்கி. பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் அய்யா சொன்னதால் வாசிக்கவில்லை, பதிவேட்டில் இருக்கிறது. கடந்த பொதுக்குழு ஆள் போதாமல் ஒருமுறை தள்ளிவைக்கப்பட்டது. தராசு முகாமுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே வண்டியைக் கவனமாக வைத்திருப்பவர்கள். யாருடைய மாட்டுக்குக் கழுத்தில் புண் இருக்கிறதோ அவர்கள் வரவில்லை. "சந்தா கட்டினால் என்ன கிடைக்கும்" என்று கேட்கிறார்கள். அச்சு முறிந்த இரவில் ஜாக்கி கிடைக்கும். அந்த ஜாக்கியை எடுத்துச்சென்றவர் திருப்பித் தர மறப்பதால் அடுத்தவருக்குக் கிடைப்பதில்லை. கூட்டத்துக்கு வராமல் டீக்கடையில் சங்கத்தைக் குறைசொல்வது யாருக்கும் உதவாது. வந்து சொன்னால் பதிவு செய்வோம்.

கால்நடை மருந்தக ஊழியர்களுக்கும், முகாமுக்கு இடம் தந்த ஊராட்சிக்கும், பட்டறைக்காரர்களுக்கும், லாடம் கட்டுபவர்களுக்கும், தேநீர் தந்த உறுப்பினர் குடும்பங்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டைப் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். தூர ஓட்டத்தில் குட்டியானையோடு (சிறு சரக்கு வண்டி) நம்மால் போட்டி போட முடியாது, போட வேண்டியதும் இல்லை. ஆனால் மழைக்குப் பின் வயல் வரப்போரம், வாய்க்கால் கரையில், குட்டியானை இறங்கினால் புதையும் இடத்திலிருந்து தார்ச்சாலை வரை நெல்லைக் கொண்டுவர நம் வண்டிதான் வேண்டும். அந்த வேலை நம்மிடம் இருக்க வேண்டுமானால் மாடு நலமாக இருக்க வேண்டும். தொங்கு தராசின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, அறுவடைக்கு முன் புதியது வாங்க வேண்டும். பிரேக் செய்ய வசதியில்லாத வண்டிகளுக்குக் குழாயும் கட்டையும் சங்கமே வாங்கித் தரலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. கருவிகளை வைக்க, பூட்டுப் போடக்கூடிய ஒரு சிறு கொட்டகையும் தேவை. சாலையோரத்தில் இடம் இருக்கும் உறுப்பினர்கள் நம்மிடையே இருக்கிறார்கள் என்பது குழுவுக்குத் தெரியும். இந்தச் செயலாளர் பொறுப்பை வேறு யார் ஏற்றாலும் தராசையும் பதிவேட்டையும் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். யாரும் ஏற்காவிட்டால் தொடர்ந்து செய்வேன், ஆனால் வெறுங்கையால் செய்ய முடியாது.

ரசீதுப் புத்தகம் இன்று கூட்டம் முடியும்வரை பொருளாளர் மேசையில் இருக்கும். ஜாக்கி வைத்திருப்பவர் அதையும் அங்கேயே கொண்டுவந்து கொடுக்கலாம்.

இப்படிக்கு,
செயலாளர்