சித்திரை கழியும்வரை அந்தப் பற்றை வெட்டும் மெஷினை நிறுத்தி வையுங்கள்

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா,

வீதியோரப் பற்றை வெட்டுவதற்கு நாள் குறிப்பவர் யாரோ, அவருக்கு இந்த மடல். போன மாசியில் கடற்கரைப் பக்கம் நடந்த துப்புரவு வேலை பற்றி நான் விளக்கத் தேவையில்லை, உத்தரவு உங்கள் மேசையிலிருந்துதான் போனது. சிவராத்திரிக்கு ஊர் துப்புரவாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சிவனுக்கு உகந்தது என்று நாம் தேடிப் பறிக்கிற தும்பையை, கோணேசர் குடியிருக்கும் திருகோணமலையில், சிவராத்திரியின் பெயரால் வெட்டிக் குவித்துக் கொளுத்தியதுதான் விளங்கவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். மாரி மழையில் முளைத்து, தை முதல் பங்குனி வரை பூக்கிற செடிகள் காய்த்து விதை உதிர்க்கட்டும். சித்திரை வருடப்பிறப்புக் கழிந்த பிறகு வெட்டுங்கள். வளைவுகளிலும் சந்திகளிலும் வாகனம் தெரியாமல் மறைத்தால் எப்போதும் வெட்டலாம், அதற்கு யார் தடை?

எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் சிலரோடு சேர்ந்து வீட்டைச் சுற்றியுள்ள காட்டுச் செடிகளைப் படம் எடுத்து, பெயர் கண்டுபிடித்து, ஐநேச்சுரலிஸ்ட் என்ற உயிரினப் பதிவு இணையத்தளத்தில் போட்டு வருகிறேன். பூவை ஒரு தடவை படம் எடுத்தால் பெயர் வந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. வராது. மதகடியில் ஒரு செடி நின்றது. அவுரி இனம் என்பது வரை சரி. பூ நெல்மணி அளவுதான், வெளிறிய சிவப்பு. வாடைக் காற்றில் அது ஒரு நொடி நிற்காது. ஒரு கையால் தண்டைப் பிடித்துக்கொண்டு, தார் வீதி விளிம்பில் குப்புறப் படுத்து எடுத்த படம். பார்த்தவர்கள் கேட்டது நியாயமான கேள்வி: காய் எங்கே? நேரானதா, வளைந்ததா? மேலே மயிர் உண்டா? அது தெரியாமல் எந்த அவுரி என்று சொல்ல முடியாது. பிஞ்சு விட்டிருந்தது. முற்றட்டும் என்று விட்டோம். அடுத்த முறை போனபோது மதகு தெரிந்தது, செடி தெரியவில்லை. அரையடிக்கு அடிக்கட்டை. அதன் மேல் மெஷின் கிழித்தெறிந்த சோடாப் போத்தல் துண்டுகள். பதிவில் இன்றைக்கும் ‘அவுரி இனம்’ என்று மட்டும் நிற்கிறது. அதே இடத்தில் அது மறுபடி முளைக்க விதையும் விழவில்லை.

உங்கள் அலுவலகத்தில் தொலைபேசியில் விசாரித்தேன். பாம்பு வரும், நுளம்பு பெருகும் என்றார்கள். டெங்கு நுளம்பு தேங்கிய தண்ணீரில் முட்டையிடுகிறது, தும்பைப் பூவில் அல்ல. பற்றைக்குள் கிடந்த சிரட்டையும் யோகட் கப்பும் வெட்டிய பிறகும் அப்படியே கிடந்தன, மழை வந்தால் நிரம்பத் தயாராக. செடிக்கு மெஷின் வந்தது, கப்பைப் பொறுக்க ஒரு ஆள் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வெட்டித் திறந்துவிட்ட நிலத்தில் முதலில் ஏறியது பார்த்தீனியம். ஒழிக்கச் சொல்லிச் சட்டம் இருக்கிற செடி அது. வெட்டினாலும் அடியிலிருந்து துளிர்த்துப் பூத்துவிடும், வேரோடு பிடுங்க வேண்டும். ஊர்ச் செடியை அழித்து அதற்கு இடம் பிடித்துக் கொடுத்திருக்கிறோம். அப்புறம், அதே வீதியில் சீமெந்துத் தொட்டிகளில் வெளிநாட்டுப் பூச்செடி வைத்து பவுசரில் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். பக்கத்தில் ஆவரை யாரையும் ஒரு வாளி தண்ணீர் கேட்காமல் மஞ்சளாகப் பூத்து நிற்கும், நீங்கள் விட்டால். ஆங்கிலேயர் இந்த ஊர்ப் பெயர் சொல்லியே அழைத்த மரம் சாவண்டலை. சென்னையில் கரையோர அலையைக் கடக்கும் மசூலா படகு கட்ட அந்தப் பலகை போனது. நகரத்தில் நட்ட மரங்களில் அதில் ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம்.

ஒரு வேலியோரம் எருக்கலையைப் படம் எடுத்தபோது காவலுக்கு நின்ற ஒருவர் என் போனை வாங்கி ஒவ்வொரு படமாகப் பார்த்தார். எல்லாம் பூ. அவருக்கே அலுத்துவிட்டது. இந்த ஊரில் பூவைப் படம் எடுப்பவனைத்தான் விசாரிக்கிறார்கள். வேரோடு கொளுத்தினால் கேள்வி இல்லை, கூலியும் உண்டு.

கோபத்தில் வேறெங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்தது வெட்டும் நாளை மாற்றச் சொல்லித்தான். செலவு அதிகமாகாது, ஒரு தடவை வெட்டுகிற கூலி மிஞ்சவும் கூடும். எந்தத் துண்டில் என்ன செடி நிற்கிறது என்ற பட்டியலைப் படங்களோடு தருகிறோம். உங்கள் மேற்பார்வையாளரை ஒரு நாள் எங்களோடு நடக்க அனுப்புங்கள். காலையிலேயே வரச் சொல்லுங்கள், விஷ்ணுகிராந்தி மதியத்துக்குள் பூவை மூடிவிடும், பிறகு அவர் வெறும் புல் என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். அடுத்த தை பிறக்குமுன் தயவுசெய்து எழுத்தில் ஒரு பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
உப்புவெளியில் வசிக்கும் வரியிறுப்பாளர் ஒருவர்